நுழைவுத் தேர்வு எதை அளக்கிறது?

திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளில் துணியின் கனத்தை எப்படிக் கண்டறிகிறார்கள் தெரியுமா? ரோல் முழுவதையும் விரித்து நிறுப்பதில்லை. வட்டமான கட்டர் ஒன்றைத் துணியின்மேல் வைத்து அழுத்தித் திருகுவார்கள். சரியாக 100 சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள துண்டு ஒன்று வெட்டுப்பட்டு வரும். அதை நுட்பமான தராசில் நிறுப்பார்கள். எடை 1.8 கிராம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சதுர மீட்டர் இந்தத் துண்டைப்போல் 100 மடங்கு. எனவே ஒரு சதுர மீட்டர் துணியின் எடை 180 கிராம். இதைத்தான் ‘180 ஜி.எஸ்.எம்.’ என்கிறார்கள். ஒரே துண்டை நம்பிவிடாமல், பல இடங்களில் வெட்டிச் சராசரியும் எடுப்பார்கள்.

நுழைவுத் தேர்வும் இத்தகைய மாதிரி அளவைதான். பல ஆண்டுகளாக நீங்கள் பெற்ற திறமை முழுவதையும் இரண்டு மணி நேரத்தில் அளக்க முடியாது. ஆகவே அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில கேள்விகளைக் கேட்டு முழுமையை மதிப்பிடுகிறார்கள். துண்டு கனமாக இருக்க வேண்டுமானால் துணியே கனமாக இருக்க வேண்டும் அல்லவா?

சட்டம் படிக்க ஒரு தேர்வு

பிளஸ் டூ முடித்தபின் ஐந்தாண்டுச் சட்டப் படிப்பில் சேர நம் மாநிலத்தில் இரு வழிகள் உண்டு. தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகமும் அதனோடு இணைந்த அரசு சட்டக் கல்லூரிகளும் பிளஸ் டூ மதிப்பெண்ணைக் கொண்டு மாணவர்களைச் சேர்க்கின்றன. திருச்சிராப்பள்ளியில் உள்ள தமிழ்நாடு தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்தில் சேர ‘கிளாட்’ என்னும் பொது நுழைவுத் தேர்வை எழுதவேண்டும். 2008இல் தொடங்கிய இத்தேர்வின் வழியாகவே பெங்களூரு, ஐதராபாத் முதலிய ஊர்களின் தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களிலும் சேரலாம்.

கேள்விகள் 120, நேரம் 120 நிமிடம். ஆங்கிலம், நடப்புச் செய்திகள், சட்டச் சிந்தனை, தருக்கம், கணிதம் என ஐந்து பகுதிகள். பெரும்பாலும் ஒரு பத்தியைத் தந்து, அதை ஒட்டியே கேள்வி கேட்பார்கள். சட்டம் முன்பே தெரிந்திருக்கத் தேவையில்லை. கூர்ந்து படிக்கத் தெரிந்தால் போதும். இதோ, அந்தப் பாணியில் ஒரு சிறு கேள்வி:

கோட்பாடு: ஒரு தொழிலால் சுற்றுச்சூழல் மாசுபட்டால், பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு தருவதும், கெட்ட சூழலைச் சீராக்கும் செலவை ஏற்பதும் அத்தொழிலை நடத்துபவரின் கடமை. அவர் கவனமாக இருந்தாரா என்பது பொருட்டல்ல.

நிகழ்ச்சி: சாயப்பட்டறைக்காரர் ஒருவர் பெருஞ்செலவில் கழிவுநீர்த் தொட்டி கட்டிப் பராமரித்துவந்தார். ஒருநாள் தொட்டி உடைந்து, சாயநீர் பக்கத்துத் தென்னந்தோப்பில் பாய்ந்தது. மண் கெட்டது, மரங்கள் பட்டுப்போயின. அவர் பொறுப்பேற்க வேண்டுமா?

(அ) வேண்டியதில்லை; அவர் கவனமாகவே இருந்தார்.
(ஆ) வேண்டியதில்லை, பட்டறையால் பலருக்கு வேலை கிடைக்கிறது.
(இ) மரங்களுக்கு இழப்பீடு தந்தால் போதும்.
(ஈ) இழப்பீடும் தரவேண்டும். மண்ணைச் சீராக்கும் செலவையும் ஏற்கவேண்டும்.

விடை (ஈ). முதல் இரண்டும் நம் இரக்கத்தைத் தொடலாம். ஆனால் கோட்பாட்டில் அவற்றுக்கு இடமில்லை. மூன்றாவது பாதி விடை மட்டுமே.

இது வெறும் கற்பனையன்று. தோல் பதனிடும் ஆலைகள் பற்றிய வேலூர் வழக்கில், மாசுபடுத்தியவரே ஈடு செய்யவேண்டும் என்னும் இக்கோட்பாட்டை உச்ச நீதிமன்றம் 1996இல் நம் நாட்டுச் சட்டத்தின் பகுதியாக ஏற்றது. நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகள் தொடுத்த வழக்கில், 2009இல் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளுக்கும் அதைப் பொருத்தியது. கழிவுநீரைச் சற்றும் வெளியே விடக்கூடாது என்ற ஆணை நிறைவேறாததால், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூட உத்தரவிட்டது. விவசாயியின் நிலமும் தொழிலாளியின் கூலியும் எதிரெதிரே நின்ற வழக்கு அது. நாளை நீங்கள் படிக்கப்போகும் சட்டம் உங்கள் ஊர் ஆற்றங்கரையிலேயே இருக்கிறது!

ஊகிக்கலாமா?

சரியான விடைக்கு 1 மதிப்பெண். தவறுக்கு 1/4 குறையும். விடை தெரியாதபோது கண்ணை மூடிக்கொண்டு குறித்தால் என்ன ஆகும்? நிகழ்தகவுக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

நான்கில் ஒன்று சரி, மூன்று தவறு. சராசரிப் பயன் = 1/4 − (3/4 × 1/4) = 1/16. அதாவது 16 கேள்விகளை ஊகித்தால் சராசரியாக 1 மதிப்பெண். பதினாறுமே தவறாகி 4 மதிப்பெண் போவதற்கும் நூற்றில் ஒரு வாய்ப்பு உண்டு.

ஒரு விடை தவறு என்று உறுதியாகத் தெரிந்தால்? 1/3 − (2/3 × 1/4) = 1/6. இரண்டை நீக்கிவிட்டால்? 1/2 − (1/2 × 1/4) = 3/8. மேலே கண்ட கேள்வியில் (அ), (ஆ) இரண்டையும் நீக்கியவருடைய பயன், குருட்டு ஊகத்தைப்போல் ஆறு மடங்கு! ஆகவே குருட்டு ஊகத்தில் பயன் மிகக் குறைவு. தவறானவற்றை நீக்கியபின் ஊகிப்பதே அறிவுடைமை.

எப்படிப் படிப்பது?

2006இல் ரோடிகர், கார்பிக்கி என்னும் அமெரிக்க உளவியலறிஞர்கள் ஒரு சோதனை நடத்தினர். ஒரு பத்தியைச் சில மாணவர்கள் இருமுறை படித்தனர். வேறு சிலர் ஒருமுறை படித்து, பின் பாராமல் எழுதிப் பார்த்தனர். ஐந்து நிமிடத்தில் சோதித்தபோது இருமுறை படித்தவர்களே முந்தினர். ஒரு வாரம் கழித்தோ அவர்கள் நினைவுகூர்ந்தது 42 விழுக்காடு. எழுதிப் பார்த்தவர்கள் 56 விழுக்காடு! மீண்டும் மீண்டும் வாசிப்பதைவிட, புத்தகத்தை மூடிவிட்டு நினைவுபடுத்துவதே பயன் தரும்.

கிளாட் ஆங்கிலத்தில் மட்டுமே நடக்கிறது. தமிழ்வழி மாணவர்கள் அஞ்சவேண்டாம். ஆனால் விரைந்து தொடங்கவேண்டும். நாள்தோறும் ஆங்கில நாளிதழில் ஒரு பத்தியைப் படியுங்கள். தாளை மூடிவிட்டு, அதன் கருத்தைத் தமிழில் மூன்று வரியில் எழுதுங்கள். பிறகு திறந்து ஒப்பிடுங்கள். பழைய வினாத்தாள்களை மாதம் ஒருமுறை கடிகாரம் வைத்து எழுதிப் பாருங்கள். தவறியவற்றுக்குக் காரணத்தைத் தனி நோட்டில் குறியுங்கள்.

அளவையின் எல்லை

தமிழ்நாட்டில் மருத்துவம், பொறியியல் படிப்புகளுக்கு 1984 முதல் மாநில நுழைவுத் தேர்வு இருந்தது. பயிற்சி வகுப்புக்குச் செல்ல வசதியில்லாத கிராம மாணவர்கள் பின்தங்குகிறார்கள் என்று கூறி, 2006இல் இயற்றிய சட்டத்தால் அரசு அதை நீக்கியது. மாதிரி அளவை எப்போதும் சரியாக இருக்கும் என்று சொல்ல முடியாது என்பதை இது நினைவூட்டுகிறது. ஒரு துண்டு மெலிந்திருந்தால் ரோல் முழுவதையும் ஒதுக்கிவிட மாட்டார்கள். நீங்களும் ஒரு தேர்வின் மதிப்பெண்ணைக் கொண்டு உங்களை ஒதுக்கிவிடாதீர்கள்.

செய்து பாருங்கள்: தவறான விடைக்கு 1/3 குறையும் தேர்வு ஒன்றில், நான்கு விடைகளில் ஒன்றைக் குருட்டாக ஊகித்தால் சராசரிப் பயன் என்ன? ஒரு விடையை நீக்கிய பின்?

(விடை: 0; 1/9)