லேன்ட்மாஸ்டர் இறுகிக் கிடந்தால்: மருமகனுக்குச் சில சொல்

மருமகனே, கொட்டிலில் கிடக்கிற பழைய லேன்ட்மாஸ்டரை, அந்த இரு சில்லு உழவு மெசினை, நீயே கழற்றிப் பார்க்கப்போகிறாய் என்று தங்கச்சி சொன்னாள். ஸ்டார்ட் கைபிடி போட்டால் துளியும் அசையவில்லையாம். கராஜுக்கு ஏற்றாமல் வீட்டிலேயே பார்ப்போம் என்று நினைத்தாயே, அது எனக்குப் பிடித்திருக்கிறது. மட்டக்களப்புப் படுவான்கரையில் வெள்ளாமை செய்கிறவன் மண்வெட்டியோடு சாவியும் பிடிக்கப் பழகத்தான் வேண்டும். முதல் போல்ட்டைத் தொடுமுன் இதை ஒருதரம் வாசி.

1. ஏன் நின்றது என்று தெரியாமல் அதைச் சுற்ற நினைக்காதே. எங்கள் பக்கம் எஞ்சின் இறுகுவதற்குப் பெரும்பாலும் மூன்று காரணம்தான். வெள்ளத் தண்ணீர் உள்ளே போயிருக்கும். இல்லையென்றால் மாதக்கணக்கில் ஓடாமல் ஈரத்தில் நின்று, ரிங்கும் லைனரும் துருவால் ஒட்டியிருக்கும். இல்லையென்றால் தண்ணீரோ ஒயிலோ வற்றி ஓடி, சூட்டில் பிஸ்டன் பிடித்திருக்கும். முதல் இரண்டும் நின்ற இடத்தில் வந்தவை. மூன்றாவது ஓடும்போது பட்ட காயம். பிஸ்டன் அலுமினியம், லைனர் வார்ப்பிரும்பு. ஒரே சூட்டில் அலுமினியம் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். நடுவில் இருந்த இடைவெளி போனதும் பிஸ்டன் லைனரில் உரசி, அலுமினியம் அதன் சுவரில் அப்பிக்கொள்ளும். அப்படிப் பிடித்த எஞ்சின் ஆறிய பிறகு சிலவேளை தானாகவே இளகிச் சுற்றும். சுற்றுகிறதே என்ற சந்தோஷத்தில் அப்படியே வயலுக்கு இறக்கினவர்களை எனக்குத் தெரியும். இரண்டு வரம்பு தாண்டுமுன் மறுபடி பிடித்தது. இந்த முறை லைனரையும் சேர்த்துக் கெடுத்தது. துருவில் ஒட்டியதை ஊறவைத்து எடுக்கலாம். சூட்டில் பிடித்ததைத் திறந்துதான் பார்க்க வேண்டும்.

2. கடைசியாக ஓட்டினவனைக் கேள், ஏசாதே. லேன்ட்மாஸ்டர் ஒரு வீட்டில் மட்டும் நிற்கிற பொருளல்ல. மச்சான் உழக் கேட்பார், அயல் வீட்டுக்காரர் பெட்டி பூட்டி நெல் ஏற்றக் கேட்பார். எவர் கையில் நின்றதோ அவர் தலையில் பழி விழும். பழிக்குப் பயந்தவன், "சும்மா நிண்டு போச்சு" என்றுதான் சொல்வான். அவன் சொல்லாமல் விடுவதில்தான் உன் மருந்து இருக்கிறது: தொட்டியில் தண்ணீர் கொதித்து வற்றியதா, நிற்குமுன் சத்தம் மாறியதா, புகை வந்ததா. நல்ல மெசின்காரர் ஒருவரிடம் இதை நான் கண்டு படித்தேன். மெசின் பழுதாகி வந்தால் அதைக் கொண்டுவந்தவனுக்கு முதலில் தேத்தண்ணீர் கொடுப்பார். பாதிக் கிளாஸ் குடிக்குமுன் உண்மை வந்துவிடும்.

3. இறுகியது எஞ்சின்தானா என்று உறுதிப்படுத்து. பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஃபிளைவீலைத் தனியே அசைத்துப் பார். கியர் பெட்டிக்குள் தண்ணீர் போய் அது பிடித்திருக்க, எஞ்சின் ஹெட்டைத் திறந்து கொட்டில் முழுக்கப் பரப்பி வைத்தவர்களும் ஊரில் உண்டு.

4. கைபிடியில் தொங்காதே. இளம் உடம்பு, பலம் நிறைய இருக்கும்; இந்த வேலையில் அதுதான் உன் எதிரி. சிலிண்டருக்குள் தண்ணீர் நின்றால் அது அமுங்காது. டீசல் எஞ்சினில் பிஸ்டன் மேலே வந்து சேரும்போது மிஞ்சுகிற இடம் மிகச் சின்னது. உள்ளே வந்த காற்று ஏறக்குறைய இருபதில் ஒரு பங்காக நெருங்குகிற இடம் அது. அங்கே தண்ணீர் இருக்க, கைபிடியில் நீளக் குழாயை மாட்டி அமுக்கினாலோ, கியரில் போட்டு இன்னொரு மெசினால் கட்டி இழுத்தாலோ, கொனெக்டிங் ரொட் வளையும். ஆகவே முதல் வேலை இன்ஜெக்டரைக் கழற்றுவது. பெற்றோல் எஞ்சின் என்றால் பிளக்கைக் கழற்று. உள்ளே நிற்பதற்கு வெளியே வர வழி கொடுத்துவிட்டுப் பிறகு அசை.

5. ஒயிலை இறக்கி, அதைப் படி. தண்ணீர் ஒயிலை விடக் கனம், அதனால் அடியில் நிற்கும். போல்ட்டைத் திறந்ததும் முதலில் அதுதான் வரும். பால் போட்ட தேத்தண்ணீர் நிறத்தில் வந்தால் தண்ணீர் கலந்து ஓடியிருக்கிறது. விரலில் எடுத்து வெயிலில் பிடி. மினுமினுப்பு இருந்தால் பெயரிங்கோ பிஸ்டனோ தேய்ந்திருக்கிறது. அதற்குப் பிறகு ஊறவைக்கிற பேச்சு வேண்டாம், திற.

6. ஊறவிடு, ஊறும்வரை வேறு வேலை பார். சிலிண்டருக்குள் என்ன ஊற்றுவது என்று ஊரில் ஆளுக்கு ஒரு கைமருந்து சொல்வார்கள்: டீசலும் மண்ணெண்ணெயும், பிரேக் ஒயில், கியர் ஒயில். எதை ஊற்றினாய் என்பதை விட எவ்வளவு நாள் பொறுத்தாய் என்பதுதான் கணக்கு என்பது என் எண்ணம். டீசலோடு கொஞ்சம் கியர் ஒயில் போதும். பிரேக் ஒயில் ஈரத்தை இழுக்கும், பெயின்டையும் உரிக்கும். ஊற்றினால் பிறகு கழுவி எடுக்கத் தவறாதே. ஒன்றைக் கவனி. லேன்ட்மாஸ்டர் எஞ்சினில் சிலிண்டர் படுத்த வாக்கில் இருக்கும். அப்படியே ஊற்றினால் கீழ்ச் சுவரில் தேங்கும், மேல் பக்கத்து ரிங் நனையாது. ஹெட் மேலே வரும்படி மெசினைச் சரித்து, அடியில் கட்டை கொடுத்து நிறுத்து. ஒரு கிழமையாவது விடு. குறைந்தால் மறுபடி ஊற்று.

2007இல் படுவான்கரைச் சனம் யுத்தத்தால் இடம்பெயர்ந்து போய்த் திரும்பியபோது, விட்டுப்போன மெசின்கள் வெயிலிலும் மழையிலும் கிடந்தன. 2011 தை மாத வெள்ளம் இன்னும் எத்தனையோ எஞ்சினுக்குள் சேறு ஊற்றிவிட்டுப் போனது. அந்த இரண்டு காலத்திலும் ஒன்றைப் பார்த்தேன். கையில் காசு இல்லாததால் உதிரிப்பாகம் வாங்க வழியின்றிக் காத்திருந்தவர்களின் எஞ்சின்கள்தான் கூடுதலாகத் தப்பின. அவசரப்பட்டவர்கள் சுத்தியல் எடுத்தார்கள். நீ திரௌபதை அம்மன் கோயில் தீமிதிப்புக்குமுன் ஓட்டிக் காட்டுகிறேன் என்று ஊருக்குச் சொல்லிவிட்டுத் தொடங்காதே. நாள் குறித்த கை நடுங்கும்.

7. சின்னதாக அசை, இரண்டு பக்கமும் அசை. ஃபிளைவீலில் சோக்கட்டியால் ஒரு கோடு போடு, அதற்கு நேரே எஞ்சின் உடம்பிலும் ஒரு கோடு. முன்னுக்குக் கொஞ்சம், பின்னுக்குக் கொஞ்சம். கோடு ஒரு நூல் விலகினாலும் அது வெற்றிதான். அன்றைக்கு அத்தோடு நிறுத்திவிட்டு மறுபடி ஊற்று. அசைந்துவிட்டது என்று ஒரே மூச்சில் சுற்றினால், லைனரில் மிச்சமிருக்கிற துருவின்மேல் ரிங் ஏறி உடையும்.

8. திறக்க வேண்டி வந்தால் ஒழுங்காகத் திற. கழற்றுகிற ஒவ்வொன்றையும் கழற்றிய வரிசையில் சாக்கின்மேல் வை. போனில் படமும் எடு. எங்கள் காலத்தில் அந்த வசதி இல்லை, நினைவை நம்பி ஏமாந்தோம். பிஸ்டனுக்கு மேலே தெரிகிற லைனர் துருவை மெல்லிய எமரித் தாளால் எடுத்த பிறகே தட்டு. தட்டுவதும் மரக்கட்டையை வைத்துத்தான். இரும்பு பிஸ்டனைத் தொடக் கூடாது. பிஸ்டன் நுனி முனையிலோ அடி முனையிலோ நிற்கிறதா என்று முதலில் பார். அந்த இடத்தில் கிராங்கும் ரொட்டும் ஒரே நேர்கோட்டில் இருக்கும். எவ்வளவு தட்டினாலும் கிராங்க் திரும்பாது, அடி முழுவதும் பெயரிங்கில் போய் விழும். அங்கே ஃபிளைவீல் பக்கத்திலிருந்துதான் அசைக்க வேண்டும்.

புது ரிங் போட்டால், பிஸ்டனில் மாட்டுமுன் அதைத் தனியே லைனருக்குள் இறக்கி, பிஸ்டன் தலையால் நேராகத் தள்ளி, வாய் இடைவெளியை ஃபீலர் கேஜால் அள. எஞ்சின் புத்தகம் சொல்கிற அளவு முதல். புத்தகம் இல்லையென்றால் துளை விட்டத்தின் ஒவ்வொரு அங்குலத்துக்கும் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 4 பங்கு என்பது பழைய கணக்கு. இடைவெளி போதாமல் போட்டால் சூட்டில் இரு முனையும் முட்டி மறுபடி இறுகும். நீ எங்கே தொடங்கினாயோ அங்கேயே நிற்பாய். லைனரில் நகம் தட்டுப்படுகிற கீறல் இருந்தால் அது உன் கைவேலை அல்ல. பட்டிருப்புப் பாலம் தாண்டி லேத்துக்குக் கொண்டுபோ. தெரியாததைத் தெரியாது என்று சொல்ல வெட்கப்படாதே.

9. முதல் ஸ்டார்ட்டை வெளியே வைத்துக்கொள். கொட்டிலுக்குள் புகை கட்டும். அந்தப் புகையில் கண்ணுக்குத் தெரியாத நஞ்சு இருக்கிறது. இன்ஜெக்டர் பூட்டுமுன் கைபிடியால் சுற்று. உள்ளே ஊற்றியதெல்லாம் பீறிட்டு வரும், முன்னால் நிற்காதே. இன்ஜெக்டர் பீச்சுகிறதா என்று விரல் வைத்துப் பார்க்கிற பழக்கம் சிலருக்கு இருக்கிறது. அந்த வேகத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வேண்டாம். காற்று போகிற வாயை மூடுகிற அளவில் ஒரு பலகைத் துண்டைப் பக்கத்தில் வை. உள்ளே தங்கிய எண்ணெயைக் குடித்து எஞ்சின் கட்டுக்கடங்காமல் வேகம் எடுத்தால், டீசலை அடைத்தாலும் நிற்காது. காற்றை அடைத்தால்தான் நிற்கும். ஓடியதும் உழவுக்கு இறக்காதே. கொஞ்ச நேரம் சும்மா ஓடவிட்டு நிறுத்தி, ஒயிலை மாற்று. பெரும்போகம் தொடங்குமுன் இன்னொரு தரம் மாற்று. ஒயில் காசைப் பார்த்து ரிங்கைப் பறிகொடுக்காதே.

10. தொட்டிக்கு வாவித் தண்ணீர் ஊற்றாதே. கிட்ட இருக்கிறது என்று அள்ளத் தோன்றும். உப்பு, உள்ளிருந்து தின்னும். கிணற்றுத் தண்ணீர் சுமந்து வா.

11. மாரியில் அதை மறந்துவிடாதே. விதைப்பு முடிந்தால் அறுவடை வரை மெசினுக்கு வேலை குறைவு. மழையும் வெள்ளமும் அந்த மாதங்களில்தான். எங்கள் ஊர் எஞ்சின்கள் பாதி இறுகுவது வேலையில் அல்ல, இந்த ஓய்வில். கிழமைக்கு ஒருதரம் கைபிடி போட்டுச் சுற்று. நிறுத்தும்போது காற்று நெருங்கிக் கைபிடி கனக்கிற இடத்தில் நிறுத்து. அப்போது இரண்டு வால்வும் மூடியிருக்கும், ஈரக்காற்று சிலிண்டருக்குள் போகாது. சைலன்சர் வாயில் ஒரு சிரட்டையைக் கவிழ். வெள்ள அறிவித்தல் வந்தால், ஆடு மாட்டை மேட்டுக்கு ஏற்றும்போதே இதையும் ஏற்று. அதையும் மீறி மூழ்கிவிட்டால், தண்ணீர் வடிந்ததும் ஸ்டார்ட் பண்ணிப் பார்க்காதே. அன்றைக்கே ஒயிலை இறக்கு, இன்ஜெக்டரைக் கழற்று, எனக்கு ஒரு கோல் எடு.