உழவு இயந்திரப் பெட்டியின் விளக்குகள்: கோளாறு காணலும் திருத்தலும்

கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று முதலிய கரையோர ஊர்களில் வாழும் கமக்காரர்களுக்கு வீடு கடற்பக்கத்திலும் வயல் மேற்குப் பக்கத்திலும் அமைந்துள்ளன. பெரும்போக அறுவடைக் காலத்தில் வட்டையிலிருந்து நெல் மூடைகளை ஏற்றிவரும் உழவு இயந்திரங்கள் பல, பொழுது சாய்ந்த பின்னரே பிரதான வீதியை அடைகின்றன. மரக்கறிச் செய்கையாளரோ விடியுமுன் சந்தைக்குப் புறப்படுகின்றனர். ஆகவே பெட்டி பூட்டிய இயந்திரம் இருளிற் செல்வது இப்பகுதியில் தவிர்க்க முடியாததாகும்.

இயந்திரம் மணிக்கு 20 கிலோமீற்றர் வேகத்திற் செல்கின்றது எனவும், பின்னால் ஒருவர் மோட்டார்ச் சைக்கிளில் 60 கிலோமீற்றர் வேகத்தில் வருகின்றார் எனவும் கொள்வோம். இருவருக்குமிடையேயுள்ள தூரம் விநாடிக்கு 11 மீற்றர் வீதம் குறையும். விளக்கற்ற பெட்டி அவர் கண்ணிற்படும்போது 25 மீற்றர் தூரமே எஞ்சியிருப்பின், அவருக்குக் கிடைப்பது இரண்டு விநாடிக்குச் சற்று மேற்பட்ட அவகாசமேயாம். சிவப்பு விளக்கு ஒன்று எரியுமாயின் நெடுந்தூரத்திலேயே அவர் வேகத்தைத் தணித்துக்கொள்வார். ஓர் உயிரைக் காப்பது 5 வாற்று மின்குமிழ் ஒன்றே என்பதை மறத்தலாகாது.

விளக்குகள் கெடுவதற்குக் காரணம்

கடற்காற்றில் உள்ள உப்பு, வயலின் சேறு, வீதியின் அதிர்வு ஆகிய மூன்றும் இங்கு ஒன்றுசேர்கின்றன. உப்பீரம் பட்ட பித்தளை முனைகளிற் பச்சை நிறக் களிம்பு படர்கின்றது. இரும்பில் துரு ஏறுகின்றது. பெட்டியில் வைக்கோல் கிடக்குமாயின் எலிகள் கூடுகட்டி வயரின் உறையைக் கடித்துவிடுகின்றன.

மின்னோட்டம் பாயும் வகையை நீர்ப்பாய்ச்சலோடு ஒப்பிட்டு விளங்கிக்கொள்ளலாம். வயலுக்கு வாய்க்கால் வேண்டியதுபோல வடிகாலும் வேண்டும். பற்றரியிலிருந்து விளக்குக்குச் செல்லும் வயர் வாய்க்கால். விளக்கிலிருந்து பற்றரிக்கு மின் திரும்பும் வழியே வடிகால். அதனைப் புவித்தொடுப்பு என்பர். பெட்டி விளக்குகளின் கோளாறுகளுள் பல இவ்வடிகால் அடைபடுவதனாலேயே உண்டாகின்றன.

ஏழு முனைகளின் ஒழுங்கு

12 வோல்ற்று ஏழு முனைப் பிளக்கிற் பொதுவாகப் பின்பற்றப்படும் ஒழுங்கு வருமாறு:

1. மஞ்சள்: இடப்பக்கச் சமிக்ஞை விளக்கு
2. நீலம்: பின்புற மூடுபனி விளக்கு
3. வெள்ளை: புவித்தொடுப்பு
4. பச்சை: வலப்பக்கச் சமிக்ஞை விளக்கு
5. மண்ணிறம்: வலப்பக்கப் பின்விளக்கு
6. சிவப்பு: பிரேக் விளக்குகள்
7. கறுப்பு: இடப்பக்கப் பின்விளக்கு

கிடைத்த வயரைக் கொண்டு முன்னர் திருத்தப்பட்ட பெட்டிகளில் நிறங்கள் மாறியிருக்கலாம். எனவே நிறத்தை மட்டும் நம்பாது, சோதித்தே அறிதல் வேண்டும்.

சோதிக்கும் முறை

12 வோல்ற்று, 5 வாற்று மின்குமிழ் ஒன்றைத் தாங்கியிற் பொருத்தி, அதிலிருந்து இரு வயர்களை எடுக்கவும். ஒன்றின் நுனியிற் கவ்வியும் மற்றதன் நுனியிற் கூரிய கம்பியும் இணைக்கவும். இதுவே சோதனை விளக்கு. இயந்திரத்தை நிறுத்தி, சில்லுகளுக்குக் கட்டை கொடுத்த பின்னரே வேலையைத் தொடங்குக.

முதலிற் கோளாறு இயந்திரத்திலா, பெட்டியிலா எனத் துணிதல் வேண்டும். பிளக்கைக் கழற்றி, இயந்திரத்திலுள்ள சொக்கட்டின் 3ஆம் முனையிற் கவ்வியைப் பொருத்துக. மற்றொருவர் விளக்குகளையும் பிரேக்கையும் இயக்க, ஏனைய முனைகளைக் கூர்க்கம்பியால் ஒவ்வொன்றாகத் தொடுக. உரிய முனைகள் யாவற்றிலும் சோதனை விளக்கு எரியுமாயின் இயந்திரம் குறையற்றது. கோளாறு பெட்டியிலேயே உள்ளது. எரியாதபோது, கவ்வியை இயந்திரத்தின் சுரண்டப்பட்ட இரும்பில் மாற்றிப் பொருத்திப் பார்க்குக. அப்பொழுது எரிந்தால், இயந்திரப் பக்கத்திலுள்ள வெள்ளை வயர் அறுந்துள்ளது என்பது தெளிவு. அப்பொழுதும் எரியாவிடின் பியூஸையும் ஆளியையும் பரிசோதிக்கவும்.

குறிகளும் பரிகாரங்களும்

ஒரு விளக்கு மாத்திரம் எரியாதிருத்தல்: குமிழின் இழையைப் பார்க்கவும். இழை நன்றாயின் தாங்கியிலுள்ள களிம்பை அரத்தாளினால் தேய்த்து அகற்றுக.

பிரேக்கை மிதிக்கையிற் பின்விளக்குகள் மங்குதல், சமிக்ஞை இடுகையில் வேறு விளக்கும் மினுங்குதல்: இது புவித்தொடுப்புக் கோளாறின் தெளிவான குறியாகும். வடிகால் அடைபட்ட நீர் அயல் வயலுக்குள் பாய்வதுபோல, திரும்பும் வழி காணாத மின் மற்றைய விளக்குகளின் ஊடாகச் செல்கின்றது. பெட்டியைக் கொழுவும் ஆணியினூடாக மின் திரும்பிவிடும் என எண்ணி வெள்ளை வயரை விட்டுவிடுவோர் உளர். அவ்வாணியில் துருவும் கிறீசும் உண்டு. சில்லு பள்ளத்தில் விழுந்தாற் தொடர்பு விடுபடும். பிளக்கின் 3ஆம் முனையிலிருந்து ஒவ்வொரு விளக்குக்கும் தனிப் புவித்தொடுப்பு வயர் இழுப்பதே நிலையான பரிகாரம்.

எல்லா விளக்குகளும் மங்கலாயிருத்தல்: மெல்லிய வயரும் தளர்ந்த முடிச்சுகளும் காரணமாகலாம். 12 வோல்ற்றுக்குப் பதிலாக 10 வோல்ற்று மாத்திரம் இழைக் குமிழைச் சேருமாயின் ஒளி ஏறத்தாழப் பாதியாகக் குறைந்துவிடும்.

பியூஸ் அடிக்கடி உருகுதல்: பிளக்கைக் கழற்றிய பின் உருகாவிடின், பெட்டியின் வயர் எங்கோ இரும்பில் உராய்கின்றது. இரும்புத் துளைகளிலும், பெட்டி கவிழும் கீல்களிலும் தேடிப் பார்க்கவும். துளைகளுக்கு இறப்பர் வளையம் இடுக. பியூஸுக்குப் பதிலாகச் செப்புக் கம்பியோ சிகரெட் தாளோ வைத்தல் பெருந்தவறு. வயர் சூடேறி உறை எரியும். வைக்கோல் ஏற்றிய பெட்டியில் அதன் விளைவைக் கூற வேண்டுவதில்லை.

நிற்கையில் எரிந்து, ஓடுகையில் அணைதல்: வயர் குட்டையாயிருந்து திருப்பங்களில் இழுபடுகின்றதா எனவும், பிளக்கின் முனைகள் தளர்ந்துள்ளனவா எனவும் கவனிக்கவும்.

பேணும் முறை

போகம் ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் பிளக்கின் முனைகளைத் துடைத்து, மின்முனைகளுக்குரிய கிறீஸ் சிறிது தடவுக. பிளக்கைச் சேற்றில் விழவிடாது, அதற்குரிய மூடியில் வைக்கவும். வைக்கோலோ மூடையோ விளக்கை மறைக்காவண்ணம் பாரத்தைக் கட்டுக. பற்றரியற்ற இரு சில்லு உழவு இயந்திரங்களிற் பெட்டிக்குப் போதிய மின் கிடையாமற் போகலாம். ஆதலால் எல்லாப் பெட்டிகளின் பின்புறத்திலும் இரு பக்கத்தும் சிவப்பு ஒளித்தெறிப்பிகளைப் பொருத்தி, அவற்றைச் சேறு படியாது துடைத்து வைத்தல் நன்று. விளக்கு அணைந்தாலும் அவை பின்வருவோரின் வெளிச்சத்தைத் திருப்பிக் காட்டும்.

களவெட்டியிலிருந்து புறப்படுமுன் ஒருவரைப் பெட்டியின் பின்னே நிறுத்தி, விளக்குகள் யாவும் எரிகின்றனவா எனக் கேட்டறிந்த பின்னரே வீதிக்கு ஏறுக. இதற்கு ஒரு நிமிடம் போதும்.