டிராக்டரில் வெளி மின் சாக்கெட்டு அமைக்கும் முறை

ஆனைக்குட்டத்தில் அர்ஜுனா நதியின் குறுக்கே நீர்த்தேக்கம் ஒன்று அமைந்திருப்பதை விருதுநகர் மாவட்டத்தினர் யாவரும் அறிவர். வடகிழக்குப் பருவமழை வலுக்கும் நாட்களில் ஆற்றில் நீர் திறக்கப்படுமாயின், கரையோர மக்களை ஒலிபெருக்கி மூலம் எச்சரித்தல் வேண்டும். கண்மாய்க் கரையில் கசிவு காணப்பட்டால் இரவோடிரவாக மண் மூட்டை அடுக்க வேண்டும். அத்தகைய வேளையில் ஊரில் மின்சாரம் நின்றுபோதல் இயல்பு. அப்போது கைக்கு எட்டும் மின்சக்தி எது? ஊரில் உள்ள டிராக்டரின் பாட்டரியே ஆகும்.

வாகனத்தின் பின்புறம் சாக்கெட்டு வைப்பது புதுமையன்று. இரண்டாம் உலகப் போரில் ஓடிய ஜீப்புகளிலேயே, இழுவை வண்டியின் விளக்குகளுக்கென இத்தகைய சாக்கெட்டு இருந்தது. ஆயினும் நம் கிராமங்களில் பலர் அவசரத்துக்குப் பாட்டரி முனைகளில் மெல்லிய ஒயரைச் சுற்றியோ கிளிப்பு மாட்டியோ விளக்கெரிக்கின்றனர். இது பெரும் அபாயத்தை விளைவிக்கும். பட்டாசுத் தொழில் நடைபெறும் வட்டாரத்தில் ஒரு பொறியின் விலை என்ன என்பதை விளக்க வேண்டியதில்லை. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் நேர்ந்த வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். ஆகவே, பொறி எழாமலும் கம்பி சூடேறாமலும் மின்சாரம் எடுக்கும் முறையை இங்குக் காண்போம். 12 வோல்ட் பாட்டரி உள்ள ஜீப்புக்கும் இம்முறை பொருந்தும்.

தேவையைக் கணக்கிடுதல்

வாட் அளவை வோல்ட் அளவால் வகுத்தால் ஆம்பியர் கிடைக்கும். 40 வாட் எல்.இ.டி. விளக்குகள் நான்கு எனில் 160 வாட். அதாவது சுமார் 13 ஆம்பியர். மருந்து தெளிக்கும் சிறு பம்புக்கு 5 ஆம்பியர். ஒலிபெருக்கிக்கான இன்வெர்ட்டருக்கு 22 ஆம்பியர் எனக் கொள்வோம். ஆக மொத்தம் 40 ஆம்பியர். எனவே 50 ஆம்பியர் தாங்கும் சாக்கெட்டும் பிளக்கும் போதுமானவை.

ஒரு குதிரைசக்தி மோட்டாரை இதில் ஓட்டலாமா எனச் சிலர் வினவக்கூடும். ஒரு குதிரைசக்தி என்பது 746 வாட். அதற்கு 62 ஆம்பியருக்கு மேல் வேண்டும். கிளம்பும்போது இன்னும் பன்மடங்கு இழுக்கும். ஆதலால் கிணற்று மோட்டாருக்கு இது உதவாது. மற்றொரு டிராக்டரைக் கிளப்பவும் இதனைப் பயன்படுத்தலாகாது. ஸ்டார்ட்டர் பல நூறு ஆம்பியர் இழுக்கும்.

கம்பியின் பருமன்

பாட்டரியிலிருந்து பின்புறச் சாக்கெட்டு வரை 5 மீட்டர் எனில், போக வர 10 மீட்டர் கம்பி ஆகும். 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் 40 ஆம்பியர் பாய்ந்தால் 2.8 வோல்ட் வழியிலேயே வீணாகும். 112 வாட் வெப்பம் கம்பியிலேயே தங்கும். இது பழைய 100 வாட் குண்டு பல்பு ஒன்று ஒயருக்குள் எரிவதற்கு ஒப்பாகும். அதே தூரத்துக்கு 16 சதுர மில்லிமீட்டர் கம்பி இட்டால் இழப்பு அரை வோல்ட்டுக்கும் குறைவே. கம்பியில் மிச்சம் பிடிப்பது பின்னர் நஷ்டமாகவே முடியும்.

ஃபியூஸ் அமைக்கும் இடம்

ஃபியூஸ் விளக்கைக் காப்பதற்கு எனப் பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அது கம்பியைக் காப்பதற்கே உள்ளது. ஆதலின் அதனைச் சாக்கெட்டின் அருகில் அன்றி, பாட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாணுக்குள் அமைக்க வேண்டும். கம்பி நடுவழியில் தேய்ந்து இரும்பைத் தொட்டால், பாட்டரி பல நூறு ஆம்பியரைக் கக்கும். சில நொடிகளில் கம்பி பழுத்துவிடும். சாக்கெட்டின் அருகில் வைத்த ஃபியூஸ் அதனைத் தடுக்காது. 50 ஆம்பியர் ஃபியூஸ் அடிக்கடி உருகினால் காரணத்தைத் தேடுக. அதற்குப் பதிலாகச் செம்புக் கம்பியைச் சுற்றுதல் கூடாது.

பொருத்தும் முறை

1. எஞ்சினை நிறுத்திச் சாவியை எடுத்துவிடுக. பாட்டரியின் நெகட்டிவ் முனையை முதலில் கழற்றுக. வேலை முடிந்தபின் அதனையே கடைசியாக மாட்டுக. சார்ஜ் ஆகும் பாட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளிப்படும். அருகில் பீடி, தீக்குச்சி ஆகாது.

2. நெகட்டிவ் கம்பியையும் பாட்டரி வரை தனியே கொண்டு செல்க. வண்டியின் இரும்புச் சட்டத்தை நம்பினால், துருவும் பெயிண்டும் உள்ள இணைப்புகளில் பொறி எழக்கூடும்.

3. கம்பி முனைகளில் லக் வைத்து உரிய கருவியால் அழுத்துக. கையால் முறுக்கிய இணைப்பு, வண்டியின் அதிர்வில் தளர்ந்துவிடும்.

4. கம்பியைச் சுருள் குழாய்க்குள் செலுத்துக. சைலன்சர், பி.டி.ஓ. தண்டு ஆகியவற்றை விட்டு விலக்கி, இடையிடையே கட்டுக. தகடுகளைத் துளைத்துச் செல்லுமிடத்தில் ரப்பர் வளையம் இடுக.

5. சாக்கெட்டை மூடியுடன், வாய் சற்றுக் கீழ்நோக்கி இருக்குமாறு, கரிசல் சேறு தெறிக்காத உயரத்தில் பொருத்துக. அருகில் 50 ஆம்பியர் தாங்கும் சுவிட்சு ஒன்றும் வேண்டும்.

6. முழுச் சுமையுடன் 15 நிமிடம் இயக்கிப் பார்க்க. சாக்கெட்டோ லக்கோ கை பொறுக்காச் சூடடைந்தால் இணைப்பு தளர்ந்துள்ளது எனக் கொள்க.

பயன்படுத்தும்போது

எஞ்சின் நின்றிருக்கையில் 80 ஆம்பியர்-மணி பாட்டரியில் கால் பங்குக்கு மேல் எடுக்கலாகாது. மேற்சொன்ன நான்கு விளக்குகளையும் ஒன்றரை மணி நேரம் எரித்தாலே அக்கால் பங்கு தீர்ந்துவிடும். அதற்குமேல் வேண்டின் எஞ்சினை ஓட்டுக. அப்போதும் எல்லாக் கருவிகளையும் ஒருங்கே நெடுநேரம் இயக்கற்க.

சுவிட்சை அணைத்த பின்னரே பிளக்கை உருவுக. மின்சாரம் பாயும்போது உருவினால் முனைகளில் பொறி எழும். அப்பொறி வயலில் கேடு செய்யாதிருக்கலாம். அலுமினியத் தூளும் கந்தகமும் வெடியுப்பும் கலந்த மருந்தைப் பற்ற வைக்க அதுவே போதும். சுவிட்சின் உள்ளேயும் சிறு பொறி எழுவதுண்டு. ஆகவே பட்டாசுத் தொழிற்சாலை, மருந்து அறை, கிடங்கு ஆகியவற்றின் எல்லைக்குள் இந்தச் சாக்கெட்டை எவ்வகையிலும் பயன்படுத்தலாகாது. பட்டாசு வைப்பதற்கும் ஏற்றிச் செல்வதற்கும் 2008ஆம் ஆண்டின் வெடிபொருள் விதிகள் தனி நிபந்தனைகள் விதித்துள்ளன. ஐயம் எழுந்தால் சிவகாசியிலுள்ள வெடிபொருள் பாதுகாப்பு அலுவலகத்தை அணுகிக் கேட்டல் நலம்.

பஞ்சாயத்தின் கடமை

பஞ்சாயத்துக்குச் சொந்தமான டிராக்டர் ஒன்றிலேனும், பருவமழைக்கு முன் புரட்டாசி மாதத்துக்குள் தேர்ந்த ஆட்டோ எலெக்ட்ரீஷியனைக் கொண்டு இதனை அமைத்தல் வேண்டும். விளக்குகளையும் ஒலிபெருக்கியையும் அந்தப் பிளக்குக்கு ஏற்பவே ஆயத்தம் செய்து ஒரு பெட்டியில் வைக்க. ஓட்டுநரோடு மேலும் இருவர் அதனை இயக்கக் கற்றிருக்கட்டும். மாதம் ஒருமுறை ஒத்திகை பார்த்து வந்தால், மழை கொட்டும் இரவில் இருட்டில் ஒயரைத் தேடும் நிலை நமக்கு நேராது.