அரிவாள்மனை கீறிய விரலுக்கு என்ன செய்யலாம்?

காய் நறுக்கும்போது விரலில் வெட்டுப்பட்டால் நாம் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். மீதியை உடம்பு தானே பார்த்துக்கொள்ளும். தடுப்பூசியோ முன் அனுபவமோ இல்லாமல், பிறக்கும்போதே கூட வரும் எதிர்ப்புச் சக்தி அது. அதன் வழியில் குறுக்கிடாமல் இருப்பதுதான் முதலுதவியில் பாதி.

முதலில் அழுத்துங்கள். சுத்தமான துணியை மடித்து வைத்து 10 நிமிடம் விடாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். நின்றுவிட்டதா என்று நடுவில் எடுத்துப் பார்த்தால் அப்போதுதான் உறையத் தொடங்கிய இரத்தம் பெயர்ந்து மறுபடி வழியும். 10 நிமிடத்துக்குப் பிறகும் நிற்கவில்லை, அல்லது காயம் வாய் பிளந்திருக்கிறது என்றால் தையல் தேவைப்படலாம், மருத்துவமனைக்குக் கிளம்பிவிடுங்கள்.

அடுத்து, ஓடும் தண்ணீரில் சில நிமிடம் கழுவுங்கள். குடிக்கத் தகுந்த தண்ணீரே போதும். இறந்த செல்களாலான தோலின் வெளியடுக்கும், அதன் லேசான அமிலத்தன்மையும் கிருமிகளை வெளியிலேயே நிறுத்திவைக்கும். கத்தி அந்த அரணைத் திறந்துவிட்டது. உள்ளே போன கிருமிகளின் எண்ணிக்கையைத் தண்ணீர் குறைத்துக் கொடுத்தால் மிச்சத்தை வெள்ளணுக்கள் சமாளிக்கும். ஹைட்ரஜன் பெராக்சைடு, ஸ்பிரிட் இரண்டையும் காயத்துக்குள் ஊற்ற வேண்டாம். நுரைப்பதும் எரிவதும் மருந்து வேலை செய்வதுபோலத் தோன்றும். சாவது நம் செல்களும்தான்.

காப்பித்தூள், சுண்ணாம்பு, மஞ்சள்தூள் எதையும் அப்பாதீர்கள். மஞ்சள் கிருமியைத் தடுப்பது ஆய்வகத்தில் உண்மைதான், ஆனால் அஞ்சறைப்பெட்டியில் இருக்கும் தூள் கிருமி நீக்கப்பட்டதல்ல. இன்னொரு காரணமும் உண்டு. 1882-இல் இத்தாலியின் மெஸ்ஸினாவில், ரஷ்ய விஞ்ஞானி மெச்னிகோவ் நட்சத்திர மீனின் கண்ணாடி போன்ற இளம் உயிரிக்குள் ஒரு முள்ளைச் செருகிவைத்தார். மறுநாள் காலை பார்த்தால், ஊர்ந்து வந்த செல்கள் முள்ளைச் சூழ்ந்து நின்றன. அன்னியப் பொருளை விழுங்கப் பார்க்கும் செல்கள் அவை. அந்த ஆய்வுத் தொடருக்கு 1908-இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. தூள் அப்பினால் அப்படி ஆயிரம் முட்களை நாமே செருகுகிறோம். கிருமியைத் துரத்த வேண்டிய செல்கள் காப்பித்தூளோடு மல்லுக்கட்டும்.

பிறகு மூடுங்கள். 'காத்தாட விடு' என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஆனால் பிரிட்டனின் ஜார்ஜ் வின்டர் 1962-இல் வெளியிட்ட ஆய்வில், பன்றிகளின் தோலில் பிளாஸ்டிக் படலத்தால் மூடி ஈரமாக வைத்த காயங்கள், பொருக்குத் தட்டிய காயங்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகமாகத் தோல் மூடின. மெல்லியதாக வாஸ்லைன் தடவி பிளாஸ்டர் ஒட்டினால் போதும். தினமும் மாற்றுங்கள், நனைந்தால் உடனே.

இரண்டு மூன்று நாள் சிவப்பு, சூடு, வீக்கம், வலி எல்லாம் இருக்கும். பயப்பட வேண்டாம். உடம்பு வெளியிடும் ஹிஸ்டமின் போன்ற பொருட்கள் இரத்தக் குழாய்களை விரித்து வழிவிடுகின்றன. சில மணி நேரத்தில் நியூட்ரோஃபில்கள் என்னும் வெள்ளணுக்கள் வந்து கிருமிகளை விழுங்கிச் சாகின்றன. ஓரிரு நாளில் மேக்ரோஃபேஜ்கள் என்னும் இன்னொரு வகை விழுங்கும் செல்கள் அந்தக் கழிவை அள்ளுகின்றன. அழுத்திப் பிதுக்காதீர்கள். மருந்துக்கடையில் ஆன்டிபயாடிக் கேட்டு வாங்கவும் வேண்டாம்.

சிவப்பின் ஓரத்தைப் பேனாவால் கோடிட்டு வையுங்கள். கோட்டைத் தாண்டிப் பரவினாலோ, சீழ் கட்டினாலோ, காய்ச்சல் வந்தாலோ, அக்குளில் நெறி கட்டினாலோ மருத்துவரிடம் போக வேண்டும். சர்க்கரை நோயாளிகள் இவற்றுக்காகக் காத்திருக்க வேண்டாம்: அவர்களின் நியூட்ரோஃபில்கள் மந்தமாக இயங்கும், காலில் உணர்ச்சி குறைந்திருந்தால் வலியும் தெரியாது.

பிறவி எதிர்ப்பை நம்பி விடக்கூடாதவை இரண்டு. ஒன்று டெட்டனஸ். அதன் நச்சு மிகச் சிறிய அளவிலேயே உயிரைக் குடிக்கும். நோயிலிருந்து பிழைத்தவருக்குக்கூட எதிர்ப்பு உருவாவதில்லை. மண், துரு, ஆழமான குத்து என்றால், கடைசி ஊசி போட்டு 5 ஆண்டு தாண்டியிருந்தால் மறுபடி போட்டுக்கொள்ளுங்கள். மற்றது நாய்க்கடி. சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, கட்டுப் போடாமல், அன்றே மருத்துவமனைக்குப் போய் தடுப்பூசியைத் தொடங்கிவிட வேண்டும்.