வந்த வழியும் போன வழியும்

கடன் பாக்கியை மறவாமல் எழுதும் நாம், சரக்கு வந்த வழியையும் போன வழியையும் எழுதுகிறோமா? அதன் அவசியத்தை 2003-ல் அமெரிக்காவில் நடந்த நிகழ்ச்சி உணர்த்தும்.

அவ்வாண்டு ஏப்ரலில் கானா நாட்டிலிருந்து சுமார் 800 சிறு பிராணிகள், வளர்ப்புப் பிராணி வியாபாரத்துக்காக டெக்சாஸ் மாநிலத்தில் வந்திறங்கின. அவற்றில் இருந்த சில எலி, அணில் வகைகளுக்குக் குரங்கம்மை நோய் இருந்தது. இல்லினாய் மாநில வியாபாரி ஒருவரிடம் அவை, 'பிரெய்ரி நாய்' எனப்படும் அணில் இனப் பிராணிகளுக்கு அருகே வைக்கப்பட்டன. நோய் இவற்றுக்கும் தொற்றியது. இவற்றோடு பழகியவர்களில், 6 மாநிலங்களைச் சேர்ந்த 47 பேர் உறுதியான அல்லது பெரும்பாலும் அதே நோயாளிகளாகக் கணக்கிடப்பட்டனர். நல்லவேளையாக யாரும் இறக்கவில்லை.

சுகாதாரத் துறையினர் வியாபாரிகளின் விற்பனைக் கணக்கைக் கொண்டே பிராணிகளைத் தேடினர். தொடர்புடையோர் சிலருக்குப் பெரியம்மைத் தடுப்பூசி போட்டனர். ஜூன் 11-ல் ஆப்பிரிக்கக் கொறிக்கும் பிராணிகளின் இறக்குமதியும், பிரெய்ரி நாய் விற்பனையும் தடை செய்யப்பட்டன. ஆனால், வந்த 762 கொறிக்கும் பிராணிகளில் 178 எங்கே போயின என்பது, கணக்கு இல்லாததால் தெரியவே இல்லை. ஒரு சரக்கின் குறையால், தவறு செய்யாத வியாபாரிகளுக்கும் தொழில் நின்றது.

மளிகைக் கடைக்கும் இதுவே பாடம். கெட்டுப்போன எண்ணெய் டின் வந்துவிட்டால், பேட்ச் எண் குறித்த பில் இருந்தால் அந்த டின்களை மட்டும் திருப்பி அனுப்பலாம். இல்லையேல் கடைச் சரக்கு முழுவதும் சந்தேகத்துக்கு உள்ளாகும்.

எனவே:

1. பில் இல்லாத சரக்கை மலிவு என்று வாங்காதீர்.
2. பேட்ச் எண்ணைக் கொள்முதல் பதிவேட்டில் குறியுங்கள்.
3. சந்தேகமான சரக்கை உடனே தனியே ஒதுக்குங்கள்.
4. மொத்த வியாபாரிகள், வாங்கிச் சென்ற கடையின் பெயரையும் எழுதி வையுங்கள்.