ஒழுகும் குழாயை நாமே செப்பனிடுதல்

பாலாற்றை ஒட்டிய மாதனூர்ப் பகுதியில் முற்காலத்தில் கிணற்று நீரே குடிநீராக இருந்தது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு முதலிய ஊர்களில் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு ஆற்றுப் படுகையிற் கலந்தமையால் கிணறுகள் பல உப்பேறிக் கெட்டன. உச்ச நீதிமன்றம் 1996ஆம் ஆண்டில் இது குறித்துத் தீர்ப்பளித்ததை உறுப்பினர்கள் அறிவர். பின்னர் மேட்டூரிலிருந்து காவிரி நீரைக் கொணரும் கூட்டுக் குடிநீர்த் திட்டம் இவ்வட்டாரத்திற்கு வந்தது. இவ்வளவு தொலைவு கடந்து வரும் நீர் முற்றத்திலே சொட்டுச் சொட்டாக வீணாவதை நாம் பொருட்படுத்துவதில்லை.

ஒழுகும் திருகு குழாயின் கீழே ஒரு மணி நேரம் ஒரு பாத்திரத்தை வைத்து அளந்து பாருங்கள். ஒரு லிட்டர் சேர்ந்தால், மாடித் தொட்டியுள்ள வீட்டில் நாளொன்றுக்கு 24 லிட்டர் போகிறது என்பது பொருள். 2019இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டம் ஆளொன்றுக்கு நாள்தோறும் வகுத்திருக்கும் அளவு 55 லிட்டரே.

பித்தளைத் திருகு குழாய் ஒழுகுவதற்குப் பெரும்பாலும் காரணம் உள்ளேயிருக்கும் வாஷர் தேய்ந்துபோவதாகும். தண்டைத் திருகும்போது வாஷர் கீழிறங்கி, நீர் வரும் துளையின் விளிம்பை அடைக்கிறது. முன்பு இதனைத் தோலால் செய்வர். கைப்பம்புகளிலும் தோல் வாஷரே இருந்தது. தோலுக்குப் பேர்பெற்ற வட்டாரத்தார்க்கு இது புதுச்செய்தி அன்று! இப்போது கடைகளில் ரப்பர் வாஷர் சில ரூபாய்க்குக் கிடைக்கிறது. பழையதைக் கையோடு கொண்டுசென்று அதே அளவில் வாங்குதல் நலம்.

முதலில் வீட்டு இணைப்பின் வால்வை மூடுக. வால்வு இல்லையாயின் நீர் விடாத வேளையில் வேலையைத் தொடங்கலாம். மாடித் தொட்டியிலிருந்து வருவதாயின் தொட்டியின் வால்வை மூடவேண்டும். பிறகு குழாயை நன்கு திறந்து, எஞ்சிய நீரை வடியவிடுக. திறந்த நிலையிலேயே மேல்மூடியை ஸ்பேனரால் இடப்புறமாகத் திருகினால் தண்டு வெளிவரும். பித்தளை தேயாதிருக்கப் பழந்துணியைச் சுற்றிப் பிடிக்கலாம். அடிக்குழாயை ஒரு கையால் இறுகப் பற்றிக்கொள்ளவேண்டும். இன்றேல் சுவரிலுள்ள மரை அசைந்து புதிய ஒழுக்கு ஏற்படும். தண்டின் அடியிலுள்ள பழைய வாஷரை நீக்கிப் புதியதைப் பொருத்துக. துளையின் விளிம்பை விரலால் தடவிப் பார்க்கவேண்டும். உப்புப் படிந்திருந்தால் புளி தேய்த்துக் கழுவலாம். விளிம்பே அரிக்கப்பட்டுப் பள்ளமாயிருப்பின் எத்தனை வாஷர் மாற்றினாலும் பயனில்லை, குழாயையே மாற்றவேண்டும். வேலை முடிந்தபின் குழாயை மட்டாக மூடுதல் போதும். வலுவாக முறுக்குவோர் வீட்டில் வாஷர் விரைவில் நசுங்கும்.

வாயிலன்றித் தண்டின் பக்கமாக நீர் கசிந்தால் வாஷரைக் குறை கூறலாகாது. தண்டைச் சுற்றியுள்ள சிறு மரையைச் சற்று இறுக்குக. நிற்காவிடில் அதன் உள்ளே எண்ணெய் தோய்த்த நூலைச் சுற்றவும். கால் சுற்றிலேயே மூடும் புதுவகைக் குழாய்க்கு இம்முறைகள் பொருந்தா.

ஊராட்சி உறுப்பினர்கள் இன்னொன்றையும் கவனித்தல் வேண்டும். நீர் வேகம் குறைவான தெருக்களில் சிலர் குழி தோண்டிக் குழாயைத் தாழ்வாக அமைக்கின்றனர். நீர் நின்றவுடன் குழாயினுள் அழுத்தம் குறைந்து, குழியில் தேங்கிய அழுக்குநீர் திறந்த வாய் வழியாகவோ பழுதான இணைப்பு வழியாகவோ உள்ளே இழுக்கப்படக்கூடும். மறுநாள் முதலில் வரும் நீரோடு அது பக்கத்து வீட்டுக் குடத்திற்கும் செல்லும். வயிற்றுப்போக்கு பரவ இஃதொரு வழி. ஆகவே குழாயின் வாய் தரைக்கு மேலேயே இருத்தல் வேண்டும். குழியுள்ள வீட்டாரிடம் குழியைத் தூர்க்கச் சொல்வதோடு நில்லாது, அத்தெருவில் நீர் ஏன் மெல்ல வருகிறதென்பதை மேல்நிலைத் தொட்டி இயக்குபவரைக் கொண்டு ஆராயவும் வேண்டும். தெருக்குழாயின் இணைப்பிலேயே கசிவு இருந்தால் வீட்டார் கை வைக்கலாகாது. அன்றே ஊராட்சி அலுவலகத்தில் தெரிவிக்கவேண்டும்.