அரிவாளைக் கீழே வை, முதலில் குருத்தைப் பார்!

தங்கச்சி, கொற்கைப் பக்கம் வாழையும் பனையும் பார்த்தே வளர்ந்தவள் நீ. ஆனாலும் செடி எங்கே வளருதுன்னு கேட்டா, "மேலேதான், யக்கா"ங்கிற. அங்கேதான் தப்பு. செடிக்கு உடம்பெல்லாம் வளர்ச்சி கிடையாது. புது செல் பிறக்கிற ஆக்குத்திசு சில இடத்துல மட்டும்தான். பிறந்த செல் தண்ணி குடிச்சு நீளும். அப்புறம் நாராவோ தண்ணிக் குழாயாவோ மாறி, அந்த வேலையோட நின்னுடும். அந்த இடம் தெரியாம கத்தி வைக்காதே.

1. வாழையில கண்டபடி வெட்டாதே. நீ தண்டுன்னு நினைக்கிறது சுருண்ட மட்டைதான். நிஜத் தண்டு மண்ணுக்குள்ள இருக்கிற கிழங்கு. வளரும் நுனியும் அங்கேதான். அதனாலதான் பக்கக்கன்றை மேலாகச் சீவினா மறுவாரமே எட்டிப் பாக்குது. வேண்டாததைப் பாரையால கிழங்கோட தோண்டு. நடுறதுக்கு ஒடுங்கின இலை உள்ள ஈட்டிக்கன்றை எடு. அகல இலைக்காரி பாக்க அழகு, உள்ளே சத்து கம்மி. குலை தள்ளின வாழையில மட்டும் விருந்துக்கு இலை அறுக்கவே அறுக்காதே. அந்த நுனியே பூவாகி மேலே ஏறிடுச்சு, இனி புது இலை வராது. இருக்கிற இலைதான் காயைத் தேத்தணும்.

2. பனைக்கு ஒரே ஒரு குருத்து. அதைத் தோண்டித் தின்ன ஆசைப்பட்டா மரமே போச்சு; பக்கத்துல துளிர்க்காது. பதநீர் இறங்க 12 வருஷத்துக்கு மேல ஆகும், யோசிச்சுக்கோ. பனைக்கு, மரத்தைப் பருக்க வைக்கிற கேம்பியம்ங்கிற படலமும் இல்லை, அடிமரத்துல கொத்தின காயம் மூடாது.

3. முருங்கையில நேர்மாறு. இரண்டரை அடி வந்ததும் நுனியைக் கிள்ளு. நுனி இருக்கிறவரை பக்க மொட்டுகளை அடக்கி வைக்கும். பாவம் பாத்து விட்டா, காய் பறிக்க ஏணி தேடுவ.

4. மரத்துல துணிக்கொடிக் கம்பியை இறுக்கிக் கட்டாதே. நான் வேப்பமரத்துல கட்டினேன், மூணு வருஷத்துல கம்பி மரத்துக்குள்ள! பட்டைக்கு அடியில இருக்கிற மெல்லிய கேம்பியம்தான் மரத்தைப் பருக்க வைக்குது. சுத்திவர அது அறுந்தா மரம் காஞ்சிடும். நம்ம ஊர் வன்னி மரத்துக்கு இரண்டாயிரம் வயசுன்னு பெரியவங்க சொல்லுவாங்க. எத்தனை வயசானாலும் வளர்ச்சி அந்தப் படலத்துலயும் நுனிகள்லயும்தான். நடுக்கட்டையில பெரும்பாலும் செத்த செல். ஆணி அடிச்சாலும் உயரே போகாது, அடிச்ச இடத்துலயே நிக்கும். நம்பலைன்னா கோடு போட்டுப் பாரு.

5. அருகம்புல்லை மேலாகச் செதுக்கி நேரத்தை வீணாக்காதே. கணுவுக்குக் கணு துளிர்க்கும். ஒரு துண்டு விட்டாலும் திரும்ப வரும்.

6. நாற்றைப் பிடுங்கி வேரைக் கழுவாதே, ஏட்டி! வேர்நுனி முறிஞ்சா வாடும். மண்ணோட எடு, வெயில் தாழ்ந்ததும் நடு.